பூட்டிய பிறகும் ஓடும் மீட்டர்

சிறைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அரசு அலுவலகம் மாலையில் அடைத்துவிடும். பள்ளிக்கூடம் மே மாதம் மூடிக் கிடக்கும். ஆஸ்பத்திரியில்கூட வெளிநோயாளிப் பிரிவு மதியத்தோடு ஓய்ந்துவிடும். சிறையிலோ மாலை ஆறு மணி வாக்கில் லாக்-அப் ஆன பிறகுதான், அதாவது கைதிகளை உள்ளே அடைத்துப் பூட்டிய பிறகுதான், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கூரைக்குக் கீழே இருப்பார்கள். எல்லா ஃபேனும் எல்லா விளக்கும் ஓடுவதும் அப்போதுதான். விடிகிற வரை எதையும் நிறுத்த வழியில்லை.

அதனால் மின்சிக்கனத்துக்கென்று வழக்கமாகச் சொல்லும் அறிவுரைகளில் பாதி இங்கே செல்லாது. 'வெளியே போகும்போது சுவிட்சை அணைக்கவும்' என்று ஸ்டிக்கர் ஒட்டிப் பயனில்லை. உள்ளே இருப்பவர் வெளியே போக முடியாது, சுவிட்சும் பெரும்பாலும் கொட்டடிக்கு வெளியே காவலர் கையெட்டும் இடத்தில்தான் இருக்கும். சிறையில் மின்சாரத்தை மிச்சப்படுத்த வேண்டுமென்றால் கருவியில், வயரிங்கில், குழாயில், சமையலறையில் மிச்சப்படுத்த வேண்டும். மனிதர்களின் பழக்கத்தை நம்பிப் போடும் திட்டம் எதுவும் நிற்காது.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவின் 1,330 சிறைகளில் 4,36,266 பேருக்கு இடம் இருந்தது. உள்ளே இருந்தவர்கள் 5,73,220 பேர். அதாவது கொள்ளளவில் 131.4 சதவீதம். நாற்பது பேர் படுக்க வேண்டிய இடத்தில் ஐம்பத்திரண்டு பேர் படுத்திருக்கும்போது இரண்டு ஃபேனை நிறுத்திவிட்டு அதைச் சேமிப்பு என்று எழுதக் கூடாது. அதே காற்று, அதே வெளிச்சம், அதே தண்ணீர் கிடைத்துக்கொண்டே யூனிட் குறைந்தால்தான் அது திறன்.

இரவு இரண்டு மணிக் கணக்கு

எந்தச் சிறையிலும் முதலில் பார்க்க வேண்டியது இரவு இரண்டு மணிக்கு மீட்டர் என்ன காட்டுகிறது என்பதுதான். அப்போது சமையல் இல்லை, தொழிற்கூடம் இல்லை, அலுவலக ஏ.சி. இல்லை, மோட்டாரும் ஓடக் கூடாது. அப்படியும் ஓடிக்கொண்டிருப்பதுதான் அடிச்சுமை. அதில் இரவும் பகலும் ஓடுவதில் ஒரு கிலோவாட் குறைத்தால் ஆண்டுக்கு 8,760 மணி நேரமும் குறையும். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 70,000 ரூபாய். பகலில் நான்கு மணி நேரம் ஓடும் ஒரு கருவியில் அதே ஒரு கிலோவாட்டைக் குறைத்தால் கிடைப்பது இதில் ஆறில் ஒரு பங்குதான்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. உயரழுத்த இணைப்பில் உள்ள மின்னணு மீட்டர், அரை மணிக்கோ கால் மணிக்கோ ஒரு முறை சுமையைப் பதிந்து வைத்துக்கொள்ளும். அந்த 'லோடு சர்வே' பதிவை மின்வாரியத்திடம் கேட்டு வாங்கினாலே ஒரு மாதத்தின் வரைபடம் கைக்கு வந்துவிடும். அடுத்து ஒவ்வொரு பிளாக்குக்கும் போகும் கேபிளில் சப்-மீட்டர். இது இல்லாமல் தணிக்கை செய்பவர்கள், சுவரில் இருக்கும் விளக்குகளை எண்ணி வாட்டால் பெருக்கி அறிக்கை எழுதிவிட்டுப் போவார்கள். எண்ணிக்கையில் வராத சுமை எப்போதும் உண்டு. டியூப்லைட் வயரிலிருந்து திருட்டுத்தனமாகக் கொக்கி போட்டு செல்போனுக்கு ஏற்றுவது, கம்பிச் சுருளை வாளியில் போட்டுத் தண்ணீர் காய்ச்சுவது எல்லாம் பிளாக் மீட்டரில் தெரியும். நள்ளிரவில் ஒரே பிளாக்கில் ஒரு கிலோவாட் ஏறி இருபது நிமிடத்தில் இறங்கினால் அது சூடேற்றும் சுருள். மின்பொறியாளரைவிடச் சிறை நிர்வாகத்துக்கே இந்தத் தகவல் அதிகம் பயன்படும். மீட்டருக்கு நிதி கேட்கும்போது இந்தக் காரணத்தையும் சேர்த்து எழுதினால் கோப்பு வேகமாக நகரும்.

வெப்பம், ஃபேன், கூரை

நம் பக்கத்துச் சிறைகளில் கைதிகள் இருக்கும் இடத்தில் ஏ.சி. இல்லை. ஆகவே ஃபேன்தான் பெரிய சுமை. பழைய 1200 மி.மீ. சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் (கார்பன் பிரஷ் இல்லாமல் மின்னணுச் சர்க்யூட்டால் இயங்கும் மோட்டார்) கொண்டது 28 முதல் 35 வாட். ஒரு ஃபேனில் 45 வாட் மிச்சம் என்று கொண்டு, நாளைக்கு 20 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்று கணக்கிட்டால் 270 யூனிட், அதாவது 2,160 ரூபாய். ஒரு ஃபேனுக்கு 3,000 ரூபாய் ஆனால்கூட ஒன்றரை வருடத்துக்குள் போட்ட காசு திரும்பிவிடும். வீட்டில் இதே மாற்றத்துக்கு நான்கைந்து வருடம் பிடிக்கலாம். ஓய்வில்லாமல் ஓடுவது இங்கே நமக்குச் சாதகம்.

ஆனால் வாட்டை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாந்துபோவோம். டெண்டரில் காற்றின் அளவை எழுத வேண்டும்: 1200 மி.மீ. ஃபேனுக்கு நிமிடத்துக்கு 210 கன மீட்டருக்குக் குறையக் கூடாது. அடுத்து ரிமோட். கடையில் கிடைக்கும் பி.எல்.டி.சி. ஃபேன்களில் பல ரிமோட்டில்தான் வேகம் மாறும். சிறைக்கு அது ஆகாது. சுவரில் சுவிட்சைப் போட்டு அணைத்தாலே வேகம் மாறும் மாடலையோ, அதற்கென்றே வரும் சுவர்க் கட்டுப்பாட்டுடன் கூடியதையோ கேட்டு வாங்க வேண்டும். பழைய ரெகுலேட்டரை அப்படியே விட்டு அதன் வழியே பி.எல்.டி.சி. ஃபேனுக்கு மின்சாரம் கொடுத்தால் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு சீக்கிரமே போய்விடும். புதிய ஃபேன்கள் ஆறு மாதத்தில் நின்றுபோகும் இடங்களில் முதலில் தேட வேண்டியது இந்தத் தவறைத்தான். இடி, மின்னல், மின்னழுத்த ஏற்றம் இவற்றுக்கு பிளாக் பேனலிலேயே சர்ஜ் பாதுகாப்பு வைப்பது அடுத்த காவல்.

தனிச் செல்லில் சீலிங் ஃபேனைத் தொங்கவிடுவது தற்கொலை ஆபத்து. அங்கே எட்டாத உயரத்தில், வலுவான வலைக்குப் பின்னால், வெளிக்காற்றை உள்ளே தள்ளும் அல்லது உள்காற்றை வெளியேற்றும் ஃபேன்தான் சரி. வலையின் கண் சிறிதாக இருந்தால் தூசி படிந்து காற்று பாதியாகிவிடும். அதைத் துடைக்க யார், எத்தனை நாளைக்கு ஒரு முறை என்பதும் திட்டத்தில் இருக்க வேண்டும்.

ஃபேனைவிட முன்னால் பார்க்க வேண்டியது கூரை. கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலை உறிஞ்சி, அந்தச் சூட்டைப் பல மணி நேரம் கழித்துத்தான் கீழே இறக்கும். அது இறங்கும் நேரமும் லாக்-அப் நேரமும் ஒன்றுதான். மாலை ஆறு மணிக்கு வெளியே இதமாக இருக்கும்போது மேல்தளக் கொட்டடி கொதித்துக்கொண்டிருக்கும். ஃபேன் அந்தச் சூட்டுக் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றிவிடும். தளத்தில் வெள்ளைப் பிரதிபலிப்புப் பூச்சு அடித்தால் இந்தச் சுமை குறையும். விரிசல்களை அடைத்து, பாசியைச் சுரண்டி, நன்றாகக் கழுவிக் காயவிட்டு, பிறகு இரண்டு கோட். காய்வதற்குள் அடித்தால் அடுத்த மழையில் தோலாக உரியும். ஒரு வருடத்தில் தூசி படிந்து வெண்மை மங்கும் என்பதால் ஒவ்வொரு மாசிக் கடைசியிலும் தளத்தைக் கழுவிவிட வேண்டும். ஆள் பலம் இருக்கும் இடம்தானே.

விளக்கு: உள்ளே ஒன்று, மதிலில் வேறு

பழைய காப்பர் சோக் போட்ட 40 வாட் டியூப்லைட் சோக்கையும் சேர்த்து 53 வாட் அளவுக்கு இழுக்கும். 20 வாட் எல்.இ.டி. போட்டால், இரவு 12 மணி நேரத்துக்கு, ஆண்டுக்கு ஒரு விளக்கில் சுமார் 145 யூனிட் மிச்சம். இதை எல்லோரும் செய்கிறார்கள். செய்யாமல் விடுவது சர்க்யூட்டைப் பிரிப்பதை. கொட்டடிக்குள் விடிய விடிய முழு வெளிச்சம் எரிவது கண்காணிப்புக்காக என்பார்கள். படுக்கும் நேரத்துக்குப் பிறகு தலைகளை எண்ணவும் நடமாட்டம் தெரியவும் மங்கலான வெளிச்சமே போதும். முழு விளக்குக்கு ஒரு சர்க்யூட், இரவு விளக்குக்கு ஒரு சர்க்யூட், இரண்டையும் இணைக்கும் டைமர், அவசரத்துக்குக் காவலர் கையில் ஒரு மேல்சுவிட்ச். மின்சாரம் குறைவதோடு கண்ணைக் கூசும் வெளிச்சத்தில் வருடக்கணக்காகத் தூங்க முடியாமல் கிடப்பவர்களுக்கும் கொஞ்சம் விடிவு.

உள்ளே போடும் விளக்குக்குப் பாலிகார்பனேட் மூடியும், சாதாரண ஸ்க்ரூடிரைவரால் திருக முடியாத திருகாணியும் வேண்டும். மூடிக்கும் சுவருக்கும் இடையில் இடுக்கு இருந்தால் அது பொருள் ஒளிக்கும் இடமாகிவிடும். சிலர் நல்லெண்ணத்தில் 12 வோல்ட் டி.சி. விளக்குகளைப் பரிந்துரைப்பார்கள். தொட்டால் ஆபத்தில்லைதான். ஆனால் செல்போன் சார்ஜ் போடுவதற்கு அதைவிட வசதியான ஏற்பாட்டை யாராலும் செய்துதர முடியாது.

மதில்சுவர் விளக்கு வேறு கதை. 400 வாட் சோடியம் விளக்கு சோக்கோடு சேர்த்து 440 வாட் வரை இழுக்கும். 180 வாட் எல்.இ.டி. போட்டால் ஒரு விளக்கில் ஆண்டுக்கு 1,100 யூனிட்டுக்கு மேல் குறையும். சோடியத்தின் மஞ்சள் வெளிச்சத்தில் கேமராவில் சட்டை நிறம் தெரியாது, எல்.இ.டி.யில் தெரியும். எனவே பாதுகாப்புப் பிரிவினரும் மறுக்க மாட்டார்கள். தவறு நடப்பது இரண்டு இடத்தில். ஒன்று, பழைய கம்பத்தில் பழைய கோணத்திலேயே புது விளக்கை மாட்டுவது. எல்.இ.டி. ஒளி குவிந்து விழும், கம்பத்தடியில் பகல் போல் இருக்க, இரண்டு கம்பத்துக்கு நடுவில் இருட்டுத் திட்டு உண்டாகும். மதிலோரம் நடந்து வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரால் அளக்க வேண்டும். அதிக வெளிச்சத்தைவிடச் சீரான வெளிச்சம் முக்கியம். கோபுரக் காவலரின் கண்ணுக்கு நேராக விளக்கு அடிக்கக் கூடாது. இரண்டாவது, ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் எரியும் சென்சாரை மதிலில் போடுவது. பூனைக்கும் பூச்சிக்கும் அது எரிந்து எரிந்து அணையும், நாலாம் நாள் காவலரே அதை நிரந்தரமாகப் போட்டுவிடுவார். மதிலுக்குச் சூரிய உதய, மறைவு நேரப்படி இயங்கும் டைமர் போதும். சென்சார் வேண்டுமானால் கிடங்குக்கும் அலுவலகக் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

மோட்டாரும் தொட்டியும்

மாதிரிச் சிறைக் கையேடு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்கிறது. 2,000 பேருக்கு 2,70,000 லிட்டர். போர்வெல் நீர்மட்டத்திலிருந்து மேல்நிலைத் தொட்டி வரை மொத்த உயரம் 80 மீட்டர் என்றால், இழப்பே இல்லாமல் தூக்க 59 யூனிட் போதும். மோட்டார், பம்ப் இரண்டும் சேர்ந்த திறன் 50 சதவீதம் என்றால் 118 யூனிட். 25 சதவீதம் என்றால் 236. வித்தியாசம் ஆண்டுக்கு 43,000 யூனிட்.

நம் பம்ப் எந்தப் பக்கம் என்று அரை நாளில் கண்டுபிடிக்கலாம். வெளிப்போக்கு வால்வை மூடிவிட்டு ஒரு மணி நேரம் மோட்டார் ஓட்டி, தொட்டியில் மட்டம் எவ்வளவு ஏறியது என்று அளக்க வேண்டும். 6 மீட்டருக்கு 5 மீட்டர் தொட்டியில் 50 செ.மீ. ஏறினால் 15 கன மீட்டர். அதை உயரமான 80ஆல் பெருக்கி, கிலோவாட்டாக மாற்ற 367ஆல் வகுத்தால் 3.27 கிலோவாட். தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்த சக்தி அவ்வளவுதான். அதே நேரம் பவர் மீட்டர் 13 கிலோவாட் காட்டினால் திறன் 25 சதவீதம். காரணம் பெரும்பாலும் மணல் அரித்த இம்பெல்லர் (பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கரம்), திரும்பத் திரும்ப ரீவைண்டிங் செய்த மோட்டார், ஒல்லியான குழாய், அல்லது என்றோ இருந்த நீர்மட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த பம்ப் இன்றைக்குப் பொருந்தாமல் போனது. புது பம்ப் வாங்கும்போது 'அதே ஹெச்.பி.' என்று எழுதினால் அதே தவறையே காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம்.

பம்பை மாற்றுவதற்கு முன்பு கசிவு. நள்ளிரவு ஒரு மணிக்கு மோட்டாரை நிறுத்தி, தொட்டி மட்டத்தைக் குறித்து, நான்கு மணிக்கு மறுபடி பார்க்க வேண்டும். அதே தொட்டியில் 10 செ.மீ. இறங்கியிருந்தால் 3,000 லிட்டர். கழிப்பறைப் பயன்பாட்டுக்குக் கொஞ்சம் கழித்தாலும் மீதி குழாயிலும் திறந்து கிடக்கும் திருகிலும் போவது. கையை எடுத்ததும் மூடிக்கொள்ளும் அழுத்துக் குழாய்கள் நல்ல தீர்வுதான், ஆனால் உப்புத் தண்ணீரில் உள்ளே சுண்ணாம்பு கட்டி மூடாமல் நின்றுவிடும். மாற்றுத் தக்கைகளைச் சேர்த்தே வாங்கி வைக்காத இடத்தில் அவற்றைப் போடாமல் இருப்பது நல்லது.

சோறு வடிப்பதில் இருக்கும் எரிவாயு

கரண்ட் பில்லை மட்டும் பார்ப்பவர்கள் சமையலறையை விட்டுவிடுவார்கள். ஆயிரம் பேருக்கு ஒரு வேளைக்கு ஆளுக்கு 200 கிராம் என்று 200 கிலோ அரிசி உலையில் விழுகிறது. கிலோவுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் வைத்து அளவாக வேகவைத்தால், 50 சதவீதத் திறனுள்ள அடுப்பில் கொதிநிலைக்குக் கொண்டுவர 7 கிலோவுக்குச் சற்று மேல் எரிவாயு. கிலோவுக்கு ஐந்து லிட்டர் வைத்துக் கஞ்சி வடித்தால் கிட்டத்தட்ட 14 கிலோ. கொதிக்கவைத்த 500 லிட்டரை நேராகச் சாக்கடையில் ஊற்றுகிறோம். 19 கிலோ வணிக சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு ஒவ்வொரு வேளையும் அப்படிப் போகிறது. அரிசியை அரை மணி ஊறவைப்பது, மூடி போடுவது, கொதித்த பிறகு தீயைக் குறைப்பது ஆகியவற்றுக்குச் செலவே இல்லை.

நீராவிச் சமையல் இருக்கும் இடங்களில் விரயம் வேறு வடிவில் நடக்கும். இன்சுலேஷன் உரிந்த இரண்டு அங்குல நீராவிக் குழாய் ஒரு மீட்டருக்கு 250 வாட் அளவுக்கு வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும். பத்து மீட்டர் என்றால் சமையலறைக்குள் இரண்டரை கிலோவாட் ஹீட்டர் ஓடுகிற மாதிரி, அங்கே வேலை செய்பவர்களும் சேர்ந்து வேகிறார்கள். ஸ்டீம் டிராப் (குளிர்ந்து தண்ணீரானதை மட்டும் வெளியேவிட்டு நீராவியைத் தடுக்கும் வால்வு) திறந்தபடி சிக்கிக்கொண்டால் நீராவி நேராக வெளியேறும். மாதம் ஒரு முறை ஒவ்வொரு டிராப்பையும் பார்த்துக் குறித்து வைப்பது கொதிகலனை மாற்றுவதைவிட முந்திய வேலை.

சிறைக் கழிப்பறைக் கழிவிலிருந்து எரிவாயு எடுப்பதற்குப் பேர்போன நாடு ருவாண்டா. 1994 இனப்படுகொலைக்குப் பிறகு அங்கே சிறைகள் நிரம்பி வழிந்தன. ஆயிரக்கணக்கானோருக்குச் சமைக்க வெட்டிய விறகும், சுற்றுப்புறத்தில் வழிந்த கழிவும் ஒரே நேரத்தில் பிரச்சினையாயின. கிகாலி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் நிலத்தடியில் தொடராக இணைத்த சாணவாயுக் கலன் போன்ற அமைப்புகளைச் சிறைகளில் கட்டியது. விறகுத் தேவை ஏறத்தாழ பாதியானது. 2005இல் இதற்கு ஆஷ்டன் விருது கிடைத்தது.

கணக்கு எளிது. ஆளுக்கு நாளைக்கு 20 முதல் 30 லிட்டர் வாயு, ஆயிரம் பேருக்கு 20 முதல் 30 கன மீட்டர். ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 0.45 கிலோ சிலிண்டர் எரிவாயுவுக்குச் சமம் என்பதால் 9 முதல் 13 கிலோ. அளவாகத் தண்ணீர் வைத்தால் ஒரு வேளைச் சோற்றைத் தாராளமாக வேகவைத்து இறக்கிவிடலாம். கஞ்சித் தண்ணீரையும் காய்கறிக் கழிவையும் சேர்த்தால் இன்னும் கூடும். கலன் செத்துப்போவதற்கு முக்கியக் காரணம் பினாயிலும் பிளீச்சிங் பவுடரும். கழிப்பறையை அவற்றால் கழுவி அந்தத் தண்ணீரையும் கலனுக்கே விட்டால் நுண்ணுயிர் மடிந்து வாயு நின்றுவிடும். அடுத்த காரணம், குளியல் தண்ணீரும் மழைத் தண்ணீரும் கலந்து கழிவு நீர்த்துப்போவது. சிலிண்டர் அடுப்பின் சிறிய துளையில் இந்த வாயு சரியாக எரியாது, ஜெட்டைப் பெரிதாக்க வேண்டும்.

சோலார் கடைசியில்

பலர் முதலில் கேட்பது சோலார். கலிபோர்னியாவின் அலமேடா மாவட்டத்தில் உள்ள சாண்டா ரீட்டா சிறை இதற்குப் பேர்போனது. 1989இல் திறந்த, ஏறக்குறைய 4,000 பேருக்கான, 3 மெகாவாட் உச்சச் சுமை கொண்ட இடம். 2002இல் கூரைகளில் 1.2 மெகாவாட் சூரிய மின்பலகைகள் வந்தன. திறன் மேம்பாட்டுப் பணிகளும் அதோடு சேர்ந்தே நடந்தன. 2006இல் ஒரு மெகாவாட் எரிபொருள் மின்கலன், அதன் கழிவு வெப்பம் வெந்நீருக்கு. 2012இல் 2 மெகாவாட், 4 மெகாவாட்-மணி லித்தியம் பேட்டரி. வெளி மின்சாரம் போய் டீசல் ஜெனரேட்டர் எடுக்கும் வரையிலான சில நொடி இருட்டைக்கூட அந்தச் சிறை ஏற்க விரும்பவில்லை. பேட்டரிக்கான காரணங்களில் அது முக்கியமானது.

நம் ஊரில் ஒரு கிலோவாட் பலகை நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும், 10 சதுர மீட்டர் இடம் கேட்கும். ஆனால் சிறையின் உச்சம் லாக்-அப்புக்குப் பிறகு. ஆகவே மோட்டார், மாவு மெஷின், தொழிற்கூடம் எல்லாவற்றையும் காலை பத்து முதல் மூன்று மணிக்குள் நகர்த்திய பிறகுதான் பலகையின் அளவை முடிவு செய்ய வேண்டும். பலகைகளை நிர்வாகக் கட்டடம், தொழிற்கூடம் ஆகியவற்றின் மேல் வைக்கலாம். மதிலுக்கு அருகே உள்ள கூரையில் வைத்தால் பலகையைத் தாங்கும் சட்டமே ஏணியாகிவிடும்.

பில்லில் தெரியாமல் போகும் சேமிப்பு

வேலையெல்லாம் முடிந்தும் பில் குறையவில்லை என்ற புகார் அடிக்கடி வரும். தமிழ்நாட்டில் உயரழுத்த இணைப்பில் பதிவான தேவை (அந்த மாதம் மீட்டரில் ஏறிய உச்சச் சுமை) எவ்வளவு குறைந்தாலும், ஒப்பந்தத் தேவையின் (வாரியத்திடம் எழுதிக்கொடுத்த உச்சச் சுமையின்) 90 சதவீதத்துக்குத் தேவைக் கட்டணம் விழும். ஒரு கோடை முழுக்கப் பதிவைப் பார்த்துவிட்டு ஒப்பந்தத் தேவையைக் குறைக்க எழுதிக்கொடுக்க வேண்டும். சோக்கும் பழைய ஃபேன்களும் போன பிறகு, அவற்றுக்காக நிரந்தரமாக இணைத்திருந்த கப்பாசிட்டர்கள் பவர் ஃபேக்டரை (இழுக்கும் மின்சாரத்தில் வேலைக்குப் பயன்படும் பங்கை) அளவுக்கு மேல் திருத்தி மின்னழுத்தத்தை ஏற்றிவிடும், அவற்றைக் குறைக்க வேண்டும். ஜெனரேட்டரும் கவனிக்கத்தக்கது. முக்கால் சுமையில் லிட்டருக்கு மூன்றரை யூனிட் தரும் இயந்திரம் கால் சுமையில் இரண்டரைக்கு இறங்கும், புகைபோக்கியில் எரியாத எண்ணெய் கசியத் தொடங்கும். சுமை பாதியான இடத்தில் சிறிய ஜெனரேட்டர் ஒன்றைச் சேர்ப்பது வீண்செலவு ஆகாது.

சிறைக்குள் ஒரு ஏணியைக் கொண்டுபோவதே பெரிய காரியம். பணியாளர் சரிபார்ப்பு, கருவிகளை எண்ணி அனுப்பி எண்ணி வாங்குவது, ஒவ்வொரு கொட்டடியாகக் காலி செய்வது, கூடவே ஒரு காவலர். வெட்டிப்போட்ட வயர்த் துண்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆக, 50 ரூபாய் குறைவான விளக்கு இரண்டு வருடத்தில் பழுதானால் அதை மாற்றப் போகும் செலவு விளக்கின் விலையைத் தாண்டிவிடும். உத்தரவாதம் ஐந்து வருடம், பழுதானால் உள்ளே வந்து மாற்றுவது வழங்குநர் பொறுப்பு என்று டெண்டரில் எழுத வேண்டும்.

கட்டடமும் வயரிங்கும் ஒரு துறையின் பராமரிப்பில், கரண்ட் பில் சிறைத்துறையின் தலையில் என்று இருக்கும் இடங்களில், செலவழிப்பவருக்கும் மிச்சம் பெறுபவருக்கும் தொடர்பில்லை. மார்ச் 31இல் மிச்சம் கருவூலத்துக்குப் போய்விடும். வெளி நிறுவனம் ஒன்று முதலீட்டைத் தானே போட்டு மிச்சத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தம் இதற்கு ஒரு வழி. மத்திய மின்துறைப் பொதுத்துறை நிறுவனங்கள் 2009இல் தொடங்கிய எரிசக்தித் திறன் சேவை நிறுவனமான ஈ.ஈ.எஸ்.எல். அரசுக் கட்டடங்களில் செய்வது இந்த வகைதான். சிறையில் இத்தகைய ஒப்பந்தம் சண்டையில் முடிவதற்குக் காரணம் அடிப்படைக் கணக்கு: 1,500 பேர் இருந்தபோது எடுத்த அளவை, 2,100 பேர் இருக்கும் ஆண்டோடு ஒப்பிடுவது. மொத்த யூனிட்டை எழுதாமல், தினசரி லாக்-அப் எண்ணிக்கையின் கூட்டுத்தொகையால் வகுத்து, ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை யூனிட், எத்தனை கிலோ எரிவாயு, எத்தனை லிட்டர் தண்ணீர் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். அந்த எண்ணிக்கை ஒவ்வொரு மாலையும் எப்படியும் எடுக்கப்படுகிறது, பதிவேடு ஜெயிலர் மேசையிலேயே இருக்கிறது.